எட்டு ஆகாத வேதாசலம்

உத்திரமேரூருக்கும் சாலவாக்கத்துக்கும் நடுவில் வேதாசலத்தைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. தெரிந்தவர்களில் அவரை மதிக்கிறவர்களும் யாரும் இல்லை. பதினோரு ஏக்கர் நஞ்சை, ஏரிப் பாசனம், மாடி வீடு, வாசலில் பிக்கப் வண்டி. இவ்வளவு இருந்தும் ஊர் ஒருத்தரை மதிக்காமல் இருக்க வேண்டுமானால் அதற்கு அவரே கொஞ்சம் பாடுபட வேண்டும். வேதாசலம் பாடுபட்டார்.

அவர் பிறந்தது பதினாலாம் தேதி. ஒன்றும் நாலும் ஐந்து. நாற்பது வயதில் ஏதோ வயிற்றெரிச்சலில் காஞ்சிபுரம் போய் ஒரு எண் ஜோதிடனைப் பார்த்திருக்கிறார். அவன் இரண்டே வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டான். ஐந்து உங்களுக்கு ராசி, எட்டு உங்களுக்கு ஆகாது. அவ்வளவுதான். அன்றோடு மனுஷன் யோசிப்பதை நிறுத்திவிட்டுக் கூட்ட ஆரம்பித்துவிட்டார். பதினெட்டு வருஷமாகக் கூட்டிக்கொண்டே இருக்கிறார்.

எட்டு ஆகாது என்பது நம் பக்கம் எல்லாருக்கும் உள்ள பயம்தான். வண்டி நம்பர் கூட்டினால் எட்டு வரக்கூடாது என்று பார்க்காதவன் இல்லை. நானும் பார்த்துத்தான் பைக் எடுத்தேன். ஆனால் எதற்கும் ஒரு அளவு இருக்கிறது. வேதாசலம் பெயரை இங்கிலீஷில் எழுதும்போது கடைசியில் ஒரு எம் அதிகமாகப் போடுவார். மனைவி பாஞ்சாலிக்கும் நடுவில் ஒரு எழுத்தைச் செருகி, அந்தம்மாவின் ரேஷன் கார்டும் ஆதாரும் இன்றுவரை ஒத்துப்போகாமல் அலைய வைத்தார். மகளுக்கு வந்த நல்ல மாப்பிள்ளையை இருபத்தாறாம் தேதி பிறந்தவன் என்று திருப்பி அனுப்பினார். குடல்வால் ஆபரேஷனுக்குப் போனவர் பதினேழாம் நம்பர் கட்டில் கொடுத்தார்கள் என்று பாயை விரித்துத் தரையில் படுத்தார். நர்சு திட்டியதற்கு, "உனக்கு இன்னா தெரியும், கட்டில்தான் ஆள கொல்லுது" என்றாராம்.

எல்லாவற்றுக்கும் மேலாக நெல் விஷயம். நான்கு வருஷம் முன்பு கொள்முதல் நிலையத்தில் அவருக்கு முப்பத்தைந்தாம் டோக்கன் வந்தது. பின்னால் நின்றவனிடம் கெஞ்சி நாற்பத்தொன்றாம் டோக்கனுக்கு மாற்றிக்கொண்டார். அவன் அன்று சாயங்காலமே நெல்லைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான். இவர் முறை வருவதற்குள் இரண்டு நாள் மழை. நெல் களத்திலேயே முளைவிட்டது. அதற்கும் அவர் என்ன சொன்னார் தெரியுமா? முப்பத்தைந்தில் போட்டிருந்தால் இதைவிட மோசமாகப் போயிருக்குமாம். இப்படிப்பட்ட ஆளிடம் பேசி ஜெயிக்க முடியாது. நானும் முயற்சி செய்ததில்லை, பார்த்துச் சிரிப்பதோடு சரி.

நான் ஜெகன். காஞ்சிபுரம் ரோட்டில் ஷெட் வைத்திருக்கிறேன். ஸ்பேனர் பிடிக்கிற மெக்கானிக் இந்தப் பக்கம் பத்துப் பேர் இருப்பார்கள். லேப்டாப்பை மாட்டி வண்டியின் செட்டிங்கை மாற்றத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். ஒரகடம் கார் கம்பெனியில் ஆறு வருஷம் வேலை பார்த்துக் கற்றுக்கொண்டது. அந்தத் திமிர் எனக்கு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

போன ஆடி மாதம் வேதாசலம் பிக்கப்பைக் கொண்டுவந்தார். கொண்டுவந்தார் என்பது பேச்சுக்கு. அவருக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டி வந்தது டிரைவர் ரங்கன். ஏரிக்கரையை ஒட்டி இருக்கிற இருளர் குடியிருப்பில் லைசென்ஸ் எடுத்து வண்டி ஓட்டுகிற முதல் ஆள் அவன்தான். அதற்கு முன்பு பெண்டாட்டி சித்ராவும் அவனும் செங்கல் சூளையில் கல் அறுத்தார்கள். ஏழு வருஷமாக வேதாசலத்திடம் டிரைவர். வண்டியில் ஒரு கீறல் கிடையாது. டீக்கடையில் இப்போது அவனை 'டிரைவரே' என்று கூப்பிட்டு டம்ளரை நீட்டுகிறார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக அவன் தினம் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வருவான். வேதாசலத்துக்கு மட்டும் அவன் எப்போதும் 'டேய் ரங்கா'. அவனுக்கு நாற்பத்திரண்டு வயது, எனக்கு முப்பத்து நாலு. நானும் ரங்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"மூட்ட ஏத்திக்கினு ஏரிக்கர மோட்டுல ஏறும்போது வண்டி தடுமாறுது தம்பி. ரெண்டுல நிக்கறதா மூணுக்கு போறதான்னு தெரியாம மாறி மாறி வுழுந்துக்கினு கீது" என்றான் ரங்கன்.

சரியான குறை. அது ஆட்டோமேட்டிக் கியர் வண்டி. கியரை வண்டியே மாற்றிக்கொள்ளும். இன்ஜின் எத்தனை சுற்று வந்ததும் மாற்ற வேண்டும் என்று உள்ளே எழுதியிருக்கும். மெதுவாக மிதித்தால் நிமிடத்துக்கு ஆயிரத்து எழுநூறு சுற்றில் மாறும். முழுக்க மிதித்தால் மூவாயிரத்து ஐநூறில் மாறும். இதற்கெல்லாம் மேலே ஒரு எல்லை உண்டு, லிமிட் என்போம். அது நாலாயிரத்து நானூறு. எவன் எப்படி மிதித்தாலும் அந்த இடம் வந்ததும் வண்டி டீசலை நிறுத்திவிடும். இன்ஜினுக்குக் காவல் அது. மேட்டில் தடுமாறாமல் இருக்க முதல் எண்ணைக் கொஞ்சம் மேலே தள்ளி வைத்தால் போதும். கால்மணி நேர வேலை.

வேதாசலம் ரங்கனை வெற்றிலை வாங்கிவர அனுப்பிவிட்டு என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். மூன்று எண்ணும் வரிசையாகத் தெரிந்தன. அந்த ஆள் முகம் வெளுத்துப்போனதை நானே பார்த்தேன்.

"ஒண்ணும் ஏழும் எட்டு" என்றார். "மூணும் அஞ்சும் எட்டு. நாலும் நாலும் எட்டு. டேய், மூணும் எட்டுடா!"

"அது கம்பெனில வெச்சது நைனா."

"கம்பெனிக்காரனுக்கு இன்னா, அவனா ஓட்றான்? நம்பர் பிளேட்டுக்கு நா நாயா பேயா அலைஞ்சி அஞ்சு வாங்கினேன். உள்ள உக்காந்துக்கினு கீதுபாரு சனி, மூணு எடத்துல! அதான் மூணு மாசத்துல ரெண்டு டயரு வெடிச்சிது. மாத்துடா. மூணத்தையும் அஞ்சா மாத்து."

மாற்றலாம், அதில் தப்பே இல்லை. ஆயிரத்து எழுநூறை இரண்டாயிரத்து முந்நூறாக்கினால் ஐந்து, மேட்டுக்கும் அது நல்லது. லிமிட்டை நாலாயிரத்து நூறாகக் குறைத்தால் அதுவும் ஐந்து. முழு மிதிக்கு மூவாயிரத்து இருநூறு வைக்கலாம், அதுவும் ஐந்து. இன்ஜினுக்கு ஒரு சேதமும் வராது. இவர் பைத்தியமும் தீரும். சந்தோஷமாகச் சொன்னேன்.

"கொறைக்கறதா?" என்று முறைத்தார். "எங்க வூட்ல எதுவும் கொறைய கூடாது. மொய்யே நூத்தியொண்ணு வெக்கற குடும்பம். ஏறுமுகமா போடு. லிமிட்டு அஞ்சாயிரம் போடு."

"அஞ்சாயிரம் இந்த இன்ஜின் தாங்காது நைனா. டீசல் இன்ஜின் இது. வால்வு ஸ்பிரிங் அவ்ளோ வேகத்துக்கு திரும்பி வராது. பிஸ்டன் வந்து வால்வ இடிக்கும். ஒடஞ்சா மொத்தமா போயிடும்."

"நீ மிஷின பத்தி பேசற. நா மிஷினுக்கு மேல கீறத பத்தி பேசறேன்" என்றார். "உன்னால முடியாதுன்னா சொல்லு, செங்கல்பட்டுல காட்டிக்கிறேன்."

இங்கே நான் இரண்டில் ஒன்று செய்திருக்கலாம். முடியாது என்று சாவியைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அல்லது திரையில் ஐயாயிரம் என்று எழுதிக் காட்டிவிட்டு, அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் பழையபடி நாலாயிரத்து நானூறை வைத்திருக்கலாம். அரை நிமிட வேலை. அந்த ஆளுக்கு ஜென்மத்துக்கும் தெரிந்திருக்காது. நெல்லை முளைக்கவிட்டவருக்கு ஒரு பொய் சொல்வது பாவமும் இல்லை.

இரண்டையும் செய்யவில்லை. ஒரு வெறுப்பு ஏறியது. படட்டும் என்று நினைத்தேன். பட்டால்தான் இதுகளுக்கெல்லாம் புத்தி வரும். மூன்று எண்ணையும் அவர் சொன்னபடியே மாற்றினேன். மெது மிதிக்கு இரண்டாயிரத்து முந்நூறு, முழு மிதிக்கு நாலாயிரத்து நூறு, லிமிட் ஐயாயிரம். மனுஷன் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வெற்றிலையோடு வந்த ரங்கன் வண்டியில் ஏறும்போது கேட்டான். "இன்னா தம்பி பண்ண?"

"உங்க மொதலாளிக்கு புடிச்ச நம்பரா மாத்தி வெச்சிருக்கேன், ஓட்டு ஓட்டு" என்று சிரித்தேன். அவனும் சிரித்துக்கொண்டே கிளம்பினான்.

இரண்டு மாதம் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. மேட்டில் தடுமாற்றம் நின்றது. வேதாசலம் வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் என் ஷெட்டைக் காட்டி, "நல்ல பையன், நம்பர் தெரிஞ்சவன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கூசியது. நம்பர் தெரிந்தவனாம்.

சாதாரணமாக ஓட்டினால் அந்த ஐயாயிரத்தை வண்டி தொடவே தொடாது. நாலாயிரத்து நூறிலேயே கியர் மாறிவிடும், சுற்று இறங்கிவிடும். முதல் கியரிலேயே பூட்டி வைத்துக்கொண்டு மிதித்தால்தான் ஆபத்து. யார் அப்படி ஓட்டுவார்கள்? சகதியில் மாட்டிக்கொண்டவன் ஓட்டுவான். சொர்ணவாரி அறுவடை நேரத்தில் சகதியில் மாட்டாத பிக்கப் நம் பக்கம் உண்டா? இது எனக்குத் தெரியாத விஷயமா?

புரட்டாசியில் அறுப்பு. முதல் நாள் மழை பெய்திருந்தது. களத்திலிருந்து இருபத்திமூன்று மூட்டை ஏற்றினார்கள். இருபத்தாறு ஏற்ற இடம் இருந்தது. அந்த மூன்று மூட்டையை வேதாசலம் களத்திலேயே விட்டார், காரணம் சொல்ல வேண்டியதில்லை. பாதையில் பின்சக்கரம் புதைந்தது. பக்கத்தில் வேதாசலம். ரங்கன் முதல் கியரில் பூட்டினான். எல்லா டிரைவரும் செய்வதுதான் அது. மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டி எடுக்கப் பார்த்திருக்கிறான்.

"மிதிடா! பொம்பள மாரி தடவிக்கினு கீற. அமுக்கி மிதிடா!" என்று வேதாசலம் கத்தியதை அறுவடை மிஷின்காரன் கேட்டிருக்கிறான்.

ரங்கன் மிதித்தான். ஏழு வருஷப் பழக்கத்தில் அவன் காலுக்குத் தெரியும், ஒரு இடத்துக்கு மேல் வண்டியே அடக்கிக்கொள்ளும் என்று. இந்த முறை அடக்கவில்லை. சக்கரம் சகதியில் வழுக்கிச் சுற்றியது, பாரம் பிடிக்காத இன்ஜின் சர்ரென்று ஏறியது. அவன் காலை எடுப்பதற்குள் உள்ளே படபடவென்று இரும்பு உடைகிற சத்தம். அப்புறம் வண்டி நின்றுவிட்டது.

டிராக்டர் கட்டி இழுத்து என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இன்ஜின் தலையைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு வால்வு வளைந்து, ஒன்று ஒடிந்து, பிஸ்டனில் ஓட்டை. இன்ஜின் என்று சொல்ல அதில் ஒன்றும் மிச்சமில்லை.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஊதச் சொன்னவர் வேதாசலம், ஊதியவன் நான். ஆனால் மறுநாள் காலை சாலவாக்கம் டீக்கடையில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. "அவனுங்களுக்கு வண்டிய குடுத்தா இப்டித்தான். இன்ஜின அடிச்சிட்டான்யா" என்று வேதாசலம் பத்துப் பேர் முன்னால் சொல்லிக்கொண்டிருந்தாராம். ரங்கனை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்திவிட்டார். இன்ஜின் அடித்தவன் என்று ஒரு டிரைவருக்குப் பெயர் வந்துவிட்டால் அவன் கதை முடிந்தது, எவனும் சாவியைக் கொடுக்க மாட்டான். மூன்று இடம் ஏறி இறங்கிவிட்டு வந்தான் என்று கேள்விப்பட்டேன். சூளைக்காரன் கார்த்திகையில் ஆள் எடுப்பான், சித்ரா ஏற்கெனவே பேசி வைத்துவிட்டாள் என்றும் கேள்விப்பட்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஷெட்டுக்கு எவன் வண்டி கொண்டுவருவான்?

நாலாம் நாள் ராஜகுளத்திலிருந்து பாண்டுரங்கன் வந்தார். பால் எடுக்கிற வண்டி மூன்று வைத்திருப்பவர், மூன்றுக்கும் என்னிடம்தான் வேலை. கூடவே ரங்கனையும் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டி வந்திருந்தார்.

"எனக்கு டிரைவர் வோணும். இவன் நல்லா ஓட்றான்னு தெரியும். ஆனா இன்ஜின அடிச்சிட்டான்னு சொல்றாங்க. நீ பிரிச்சி பாத்தவன். அடிச்சது இவனா? ஒத்த வார்த்த சொல்லு, நா போய்க்கினே இருக்கேன்" என்றார்.

அதே நேரம் பார்த்து வேதாசலமும் வந்து நின்றார், வண்டி என்ன ஆச்சு என்று கேட்க. விதி என்றால் இதுதான். மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ரங்கன் மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

நான் லேப்டாப்பை எடுத்து மாட்டினேன். நேரத்தை ஓட்டத்தான். இன்ஜின் கடைசியாகத் தொட்ட அதிக வேகம் உள்ளே பதிந்திருக்கும். திரையில் வந்தது. நாலாயிரத்து தொள்ளாயிரத்து எண்பத்தைந்து.

வேதாசலம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு விரலை மடக்கினார். "நாலு, ஒம்போது, எட்டு, அஞ்சு. இருவத்தாறு. ரெண்டும் ஆறும்…" நிமிர்ந்து ரங்கனைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு வெற்றி. "எட்டு! பாத்தியாடா! இன்னும் பதினஞ்சு சுத்து, அஞ்சாயிரத்த தொட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. எட்டுல கொண்டாந்து காலை எடுத்துட்டியேடா பாவி!"

இதுவரைக்கும் சொன்னால் எந்த டீக்கடையிலும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். நானும் நிறையப் பேரிடம் இதுவரைக்கும்தான் சொல்லியிருக்கிறேன். மீதியை இப்போதுதான் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. "யோவ், வாய மூடு" என்றேன். வேதாசலத்தை அப்படி யாரும் பேசியதில்லை. "அவன் காலை எடுத்ததாலதான் இவ்ளோவோட போச்சி. நாலாயிரத்து நானூறுல தானா நிக்க வேண்டிய இன்ஜின் அது. உன் எட்டுக்கு பயந்து அத அஞ்சாயிரமா ஏத்த சொன்ன. மிதிடா மிதிடான்னு கத்தினதும் நீதான்." அப்புறம் பாண்டுரங்கனிடம் திரும்பினேன். "ஏத்தி வெச்சது நான். தாங்காதுன்னு தெரிஞ்சேதான் ஏத்தினேன். ரங்கன் மேல ஒரு தப்பும் இல்ல."

வேதாசலம் ஏதோ கத்தினார், செங்கல்பட்டு என்றார், கோர்ட்டு என்றார். கத்திக்கொண்டே போய்விட்டார். பாண்டுரங்கன் ரங்கன் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு காலைல வா ரங்கா, பெரிய வண்டி உனக்கு" என்றார். என்னிடம், "என் வண்டிங்கள இனிமே நீ தொடாத ஜெகன்" என்று சொல்லிவிட்டு பைக்கைத் திருப்பப் போனார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ரங்கன் கிளம்பாமல் நின்றான். நன்றி சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். அந்த நினைப்பைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

"தாங்காதுன்னு தெரிஞ்சே ஏன் தம்பி ஏத்தின?" என்றான்.

"அந்தாளுக்கு புத்தி வரணும்னுதான் ரங்கா. பட்டாத்தான் திருந்துவான்னு…"

"அவருக்குத்தான் ஓட்டவே தெரியாதே" என்றான் ரங்கன். குரலில் கோபம்கூட இல்லை, புரியாததைக் கேட்கிற மாதிரி கேட்டான். "பட்றதுன்னா நாந்தான படணும்? உனக்கு அது தோணவே இல்லியா?"